கதவில் மூன்று கீற்று

நவம்பர் முதிர்ந்து கூதிர் இறங்கிவிட்டால், போர்த்துக்கீசியக் கரையிலுள்ள போவா நகரத்துக் கடல் பேசும் மொழியே மாறிவிடும். கோடையில் பிள்ளைகளின் பாதம் நனைத்து விளையாடிய அதே நீர், கருமை பூண்டு, கரையோடு தீராத வழக்குடையதுபோல் முட்டி முட்டித் திரும்பும். தென்காற்று மூடுபனியைத் தோளில் சுமந்துவந்து தெருத்தெருவாக இறக்கிவைக்கும். இறந்தோர் நாளன்று கல்லறைகளில் சார்த்திய சாமந்திகள் மழையில் அழுகித் தலைகவிழ்ந்து கிடக்கும். படகுகள் துறைக்குள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், வலைகள் உலரா, கறுப்பு உடுத்த பெண்கள் மீன்சந்தையில்கூடக் குரல் தாழ்த்திப் பேசுவர். மாதத்தின் கடைசி நாள் அந்திரேயார் திருநாள். மீனவராயிருந்து திருத்தூதரான அந்தப் புனிதர், கடலில் மாண்டு கரை காணாத உயிர்களை அன்று தூண்டிலிட்டு மேலேற்றுவார் என்று ஊர் நம்புகிறது. அப்படி ஏற்ற வேண்டிய உயிர் ஒன்றேனும் இல்லாத வீடு போவாவில் அரிது.

அத்திருநாளுக்கு முந்திய நாள் பிற்பகல். லாப்பா மாதா கோயிலுக்குப் பின்தெருவில், ரொட்டிக்கடையின் மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்தில், உதவியாளன் அபீலியு உப்புமீன் உருண்டை ஒன்றை வாயருகே பிடித்தபடி அசையாது நின்றான். பயம் வந்தால் அவனுக்குப் பசிக்கும். மிகுந்த பயம் வந்தால் பசியும் நின்றுவிடும். இப்போது நின்றிருந்தது.

உதவி கேட்டு வந்து எதிரே அமர்ந்திருந்த எர்மெலிண்டாவின் விரல்கள் சால்வையின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"நிதானமா, முதல்லருந்து சொல்லும்மா," என்றார் ஸுல்மீரா. அலுவலகத்தை நடத்துபவர்; மரியாதையாக ஊரே அவரை 'தோனா' என்றழைக்கும். நெடுங்காலம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் முகம் பார்த்துப் பழகியவர். எவரையும் அவசரப்படுத்த மாட்டார். எவரையும் தப்பவிடவும் மாட்டார்.

"சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு எங்க தங்கறது, எதப் பார்க்கறது, எங்க சாப்பிடறதுன்னு திட்டம் போட்டுக் குடுக்கறது என் தொழில், தோனா. போன வாரம் ஒருத்தர் போன் பண்ணாரு. பிரான்ஸ்லருந்து. பேரு பதீஸ்த். நம்ம பாஷைதான் பேசினாரு, ஆனா தொண்டைக்குள்ள வேற பாஷை உருண்டுச்சு. ரெண்டு ராத்திரி தங்கப் போறேன், பழமையான எடமாப் பார்த்துத் திட்டம் போடுங்கன்னாரு."

"எல்லாரும் கேக்கறதுதானே?"

"எல்லாரும் கேக்கறத எதையுமே அவரு கேக்கல. ஒரு நாள் போர்த்துவுக்குப் போய்ட்டு வாங்க, நீல ஓடு பதிச்ச சுவரெல்லாம் இருக்குன்னேன். வேணாம். சாயங்காலம் பாட்டுக் கச்சேரி இருக்குன்னேன். வேணாம். மீனவங்க மியூசியம், எங்க தெருவுல பழைய மீனவர் வீடுங்க, படகுத்துறை, லாப்பா கோயில், கடைசியா இன்னிக்கு அந்தி சாயறப்போ அந்திரேயார் சிற்றாலயம். இவ்வளவுதான் வேணும்னாரு. அங்க போறப்போ விளக்கு நானே கொண்டு வரணுமான்னு கேட்டாரு."

"விளக்கா?" அபீலியு உருண்டையைத் தட்டில் வைத்தான். "நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்னு கேக்காம விளக்கு கேட்டானா? அப்ப நிச்சயமா ஆபத்தான ஆளுதான்."

"அபீலியு, வாய்க்கு ஓய்வு குடு. நீ சொல்லும்மா."

எர்மெலிண்டா தொடர்ந்தாள். "நான் அவர நேர்ல பார்க்கவே இல்ல. நேத்து வந்திருக்காரு. இன்னிக்கு விடிஞ்சு கதவத் திறக்கறேன், எங்க கதவுல எங்க குடும்பக் குறி. சுண்ணக்கட்டில போட்டிருக்கு. அரை எறியுளி. பக்கத்துல மூணு கீத்து. படகுத்துறைக்கு ஓடினா எங்க படகு மூக்குலயும் அதே மூணு கீத்து."



ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் இங்கே ஒரு குறி உண்டு. எர்மெலிண்டாவின் குடும்பத்துக்கு, பெரிய மீனைக் குத்தும் ஈட்டியான எறியுளியின் பாதி வடிவம். துடுப்பிலும் மிதவையிலும் இருந்து கடைசியில் கல்லறை வரை அது கூடவே வரும். வெளியூர்க் கோயிலுக்குப் போனாலும், வந்துபோனதன் அடையாளமாகக் கதவில் அதைக் கீறிவிட்டு வருவது முன்னோர் வழக்கம்.

"உங்க வீட்டுல யாருக்கு என்ன குறி?" என்று கேட்டார் ஸுல்மீரா.

"மாமனாருக்கு மூணு பசங்க, தோனா. மூத்தவரு செராஃபிம், அவருக்கு ஒரு கீத்து. நடுவுலவரு ஜஸிந்து, ரெண்டு கீத்து. எங்க வீட்டுக்காரரு தொமே, கடைக்குட்டி. அவருக்குக் கீத்தே கிடையாது, அப்பாவோட வெறும் குறி." அவள் விரல்விட்டு எண்ணினாள். "போனதுக்கு முந்தின குளிர்காலத்துல ஒரு கீத்துக்காரரக் கடல் கொண்டு போச்சு. போன குளிர்காலத்துல ரெண்டு கீத்துக்காரரு. ரெண்டு பேரு உடம்பும் கிடைக்கல. இப்ப எங்க வீட்டுக்காரருக்கு யாரோ மூணாவது கீத்து போட்டிருக்காங்க. அடுத்தது நீதான்னு சொல்றாங்க. அவரு அதப் பார்த்ததுலருந்து ஒண்ணும் சாப்பிடல."

அபீலியு தட்டை நகர்த்தி வைத்தான். "போலீசுக்குப் போனீங்களா?"

"போனேன். சின்னப் பசங்க விளையாட்டு, ஈரத்துணியால தொடைங்கன்னாங்க."

ஸுல்மீரா மேலங்கியை எடுத்தார். "அந்தாளு லாப்பா கோயிலயும் பார்க்கணும்னான் இல்ல? வா, அவன் அங்க என்ன எழுதி வெச்சிருக்கான்னு பார்ப்போம்."

கோயிலின் கடலோரப் பக்கக் கதவு காற்றின் அறைகளை வாங்கி வாங்கி நிறம் வெளுத்திருந்தது. கூரையோ வளைவோ இல்லாத திறந்த சுவர். முழங்காலுயரத்தில், ஈர மரத்தின்மேல், எர்மெலிண்டா சொன்னபடியே இருந்தது: பாதி எறியுளி, அதன் தண்டின் பக்கம் மூன்று சிறு கீற்றுகள். யாரோ மண்டியிட்டு, கைநடுங்காமல், பொறுமையாக வரைந்த கோடுகள். அந்தப் பொறுமைதான் அபீலியுவை அதிகம் அச்சுறுத்தியது. கோபத்தில் கிறுக்குபவனை மன்னித்துவிடலாம். அழகாகக் கிறுக்குபவனிடம் என்ன செய்வது?

"அது என்னம்மா, பக்கத்துல?" ஸுல்மீரா குனிந்தார்.

ஒரு சாண் தள்ளி இன்னொரு எறியுளி. கீற்றே இல்லாத வெற்றுக் குறி.

"அது மாமனாரோட பழைய குறி, தோனா. ஊர்ல பாதிக் கதவுல கெடக்கும். எங்க வாசல்லயும் பக்கத்துல இருந்துச்சு. அத விடுங்க, இந்த மூணு கீத்தத்தான்…"

ஸுல்மீரா வெற்றுக் குறியின்மேல் விரலை இழுத்தார். விரல்நுனி வெளுத்து வந்தது. "அபீலியு, நேத்து சாயங்காலம் மழை எப்படி?"

"நோவா காலத்து மழை. என் குடையே இன்னொரு குடை கேட்டுச்சு."

"இந்தக் கதவு நனைஞ்சிருக்குமா?"

"பக்கத்துல பாசியே குளிச்சு முடிச்சு நிக்குது."

"அப்ப மாமனாரோட பழைய குறி மட்டும் எப்படிம்மா கரையாம இருக்கு? அவரு எப்பச் செத்தாரு?"

எர்மெலிண்டா திகைத்தாள். "நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னயே. லோரியான் துறைமுகத்துல, பிரெஞ்சுக் கப்பல்ல வேல பார்த்தாரு. கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் வீட்டுக்கு வருவாராம். கடைசியில பெட்டிதான் வந்துச்சு."

"அப்ப நேத்து மழை விட்டப்புறம் செத்தவரு எந்திரிச்சு வந்து எழுதிட்டுப் போனாரா?" அபீலியு சிரிக்க முயன்றான். சிரிப்பு வராததால் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ரெண்டும் ஒரே கை, ஒரே சுண்ணக்கட்டி," என்றார் ஸுல்மீரா, தமக்குத்தாமே சொல்வதுபோல். "பயமுறுத்த வந்தவனுக்கு மூணு கீத்து போதுமே. வெறும் குறி எதுக்கு? ஊர்ல திட்டம் போட்டுக் குடுக்கறவங்க எத்தனையோ பேரு இருக்க, உன்ன மட்டும் எதுக்குத் தேடிப் பிடிச்சான்? அதுக்கும் மேல, விளக்கு எதுக்குக் கேட்டான்? அந்திரேயாருக்கு விளக்கேந்திப் போறது நம்ம ஊர்ச் சடங்கு, அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்கள் சட்டென்று கூர்மையடைந்தன. எர்மெலிண்டாவின் தோளைப் பற்றினார். "உன் புருஷன் இப்ப எங்க?"

"வீட்டுல… இல்ல, மத்தியானம் வெளிய போனாரு. வலைக் கொட்டகைக்குப் போறாருன்னு…" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போறதுக்கு முன்ன என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. உன் விருந்தாளி கடைசியா எங்க போவான்னு."

"சொன்னியா?"

"சொன்னேன். புருஷன் கேட்டாருன்னு சொன்னேன்." அவள் முகத்தின் நிறம் கோயில் சுவரைப்போல் ஆயிற்று. "தோனா, மீன் குடல் எடுக்கற கத்திய மத்தியானம் தேடினேன். ஆணியில இல்ல. படகே போகலையே, கத்தி எதுக்குப் போகுதுன்னு அப்பக்கூட எனக்குத் தோணல!"

"அபீலியு, வண்டிய எடு!" ஸுல்மீரா ஓட்டமும் நடையுமாக இறங்கினார். "நாம இதுவரைக்கும் தலைகீழாப் பயந்துட்டிருந்தோம். உன் புருஷன் சாகப் போறதில்லம்மா. கொல்லப் போறான்."

வடக்கே செல்லும் கடலோரச் சாலையில் முட்டைக்கோசு வயல்களும் கண்ணாடிக் கொட்டகைகளும் பனியில் ஒவ்வொன்றாக மறைந்தன. பழைய காரின் விளக்கொளி முன்னால் சிறிது தூரம் சென்று திகைத்து நின்றது. பின்னிருக்கையில் எர்மெலிண்டா ஓசையின்றி மாதாவின் பெயரை முணுமுணுத்தாள்.

"இன்னும் வேகமாப் போ."

"இதுக்கு மேல மிதிச்சா என் கால் ரோட்டுல ஓடும், தோனா." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் உள்ளங்கைகள் வழுக்கின. "ஒரு சந்தேகம். கொலையத் தடுக்கப் போறோம், சரி. கத்தி வெச்சிருக்கறவருகிட்டப் போய் என்ன சொல்றதா உத்தேசம்?"

"ஒரு கேள்வி கேக்கப் போறேன்."

"கேள்வியா! அவரு கையில கத்தி, நம்ம கையில கேள்வி. ரொம்பத் தெம்பா இருக்கு."

மணல்மேட்டின் அடிவாரத்தில் சாலை முடிந்தது. அந்தி வெளிச்சத்தின் கடைசிச் சாம்பல் மட்டும் மேற்கே எஞ்சியிருந்தது. திருநாளுக்காக ஊர் மக்கள் விளக்கேந்திக் கடற்கரை வழியே வருவதற்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. இப்போது அங்கே காற்றைத் தவிர யாருமில்லை. கருங்கற் பாறைகளுக்கு இடையே, வெள்ளை பூசிய சிறிய ஆலயம், கரையொதுங்கிய எலும்புபோல் நின்றது.

ஆலயக் கதவின் முன்னே ஒரு வெளிச்சம் அசைந்தது.

தலையை மூடிய கறுப்பு முக்காட்டங்கி. கீழே மணலில் ஒரு விளக்கு. அந்த உருவம் மண்டியிட்டுக் கதவில் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், பாறை நிழலில் இன்னொருவன் பதுங்கியிருந்தான். அவன் முதுகு மெல்ல மெல்ல எழுவது தெரிந்தது.

முக்காடு போட்டு விளக்கேந்தி வருபவன் இவ்வூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே அவன்தான் தொமே. பதுங்கியிருப்பவன் பிரான்ஸ்காரன் என்று பதற்றத்தில் அபீலியுவின் மூளை கணக்குப் போட்டது. அதற்குள் கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. எதற்கு ஓடுகிறோம் என்று நினைத்துப் பார்க்க அவகாசமிருந்தால் நிச்சயம் எதிர்த்திசையில் ஓடியிருப்பான். பாய்ந்து அந்த முதுகைக் கட்டிப் பிடித்தான். முதுகு திமிறித் திரும்பியது. மெல்லிய கத்தியின் முனை அவன் மேலங்கியின் பொத்தானில் வந்து நின்றது. விளக்கொளியில் முகம் தெரிந்தது. பல நாள் மீன்சந்தையில் பார்த்த முகம்.

தொமே.

"அண்ணே…" அபீலியுவின் குரல் நூலாய் இழுபட்டது. "பொத்தான் புதுசு. கொஞ்சம் பார்த்து."

"வெலகிப் போடா. ரெண்டு பேரக் கொண்டுபோனது பத்தலையா? மூணாவதா என்னையும் எழுதி வெச்சிருக்கான். அவன் கைய வெட்டாம வர மாட்டேன்!"

"தொமே!" என்று கத்திக்கொண்டே எர்மெலிண்டா மணலில் தடுக்கி விழுந்தாள். கதவருகே இருந்த உருவம் வெடுக்கென எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

ஸுல்மீரா ஓடவில்லை. நடந்துவந்து, மணலிலிருந்த விளக்கைத் தூக்கிக் கதவுக்கு நேரே பிடித்தார்.

"தொமே, உன்கிட்ட ஒரே ஒரு கேள்வி. வெறும் குறி யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு!"

"அவருக்கப்புறம்?"

"கடைக்குட்டிக்கு. மூத்தவனுக்கு ஒண்ணு, அடுத்தவனுக்கு ரெண்டு, கடைசில பொறந்தவனுக்கு அப்பாவோட குறி அப்படியே. போவாவுல பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அது!"

"சரி. ஒரு வீட்டுல மூணாவதாப் பொறந்தவனுக்கு எப்ப மூணு கீத்து வரும்?"

"மூணாவது கடைசியா இல்லாதப்போ. அவனுக்குக் கீழ இன்னொருத்தன்…"

தொமேயின் கத்தி மெல்லத் தாழ்ந்தது.

"பாரு," என்றார் ஸுல்மீரா மெதுவாக.

ஈரக் கதவில் நான்கு எறியுளிகள் வரிசையாக இருந்தன. ஒரு கீற்று. இரண்டு கீற்று. மூன்று கீற்று. கடைசியாக, இன்னும் முழுதும் முடியாத வெற்றுக் குறி ஒன்று.

"உன்னைச் செத்தவங்க வரிசையில யாரும் சேர்க்கலப்பா. அண்ணன் வரிசையிலதான் சேர்த்திருக்காங்க. பொறந்ததுலருந்து கடைக்குட்டியாவே வாழ்ந்துட்ட. உனக்கு ஒருத்தன் கீத்து போடுவான்னு உன் கனவுலகூட வந்திருக்காது. அதான் சாவுன்னு படிச்சிட்ட."

சுவரோடு ஒட்டி நின்றவன் முக்காட்டை நீக்கினான். முப்பதை எட்டாத முகம். பனியிலும் பயத்திலும் நனைந்திருந்தது. சுண்ணக்கட்டி அவன் கையில் இரண்டாக ஒடிந்திருந்தது. எர்மெலிண்டா அவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டுச் சுவரில் தொங்கும் மாமனாரின் படத்துக்கு யாரோ உயிர் கொடுத்து நிறுத்தியதுபோல் இருந்தான்.

"நான் பதீஸ்த்," என்றான். "லோரியான்ல எங்கம்மா… அப்பா எனக்கு எல்லாம் சொல்லியிருக்காரு. நேத்து மூணு தரம் உங்க வாசல் வரைக்கும் வந்தேன். தட்ட முடியல. வாய் வராதப்போ குறியப் போடுன்னு அப்பா சொல்லுவாரு. அதான் போட்டேன். நீங்க படிச்சிட்டுக் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

"நல்லாக் கூப்பிட்டாரு," என்று முணுமுணுத்தான் அபீலியு. தொமேயின் விரல்களிலிருந்து கத்தியைப் பூவைப் பறிப்பதுபோல் எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். 

தொமே ஓரடி முன்னே வந்தான். "எங்கம்மா வருஷம் பூரா அந்த மனுஷனுக்காக ஜன்னல்ல நின்னா," என்றான் இறுகிய குரலில். "அங்க இன்னொரு ஜன்னல் இருந்துச்சா?"

பதீஸ்த் தலைகுனிந்தான்.

"எதுக்கு வந்த? வீடு கடைசிப் பிள்ளைக்குன்னு ஊர் வழக்கம், அதக் கேக்கவா?"

"வீடு வேணாம்." பதீஸ்த் கதவின் முதல் இரு குறிகளைக் காட்டினான். "இவங்க ரெண்டு பேரையும் நான் பார்த்ததே இல்ல. கடல்ல போய்ட்டாங்கன்னு துறைமுகத்துல நம்ம ஊர்க்காரங்க பேசிக்கிட்டாங்க. அந்திரேயார் தூண்டில் போடறப்போ, கூடப் பொறந்தவன் கரையில நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடணும், இல்லன்னா மேல வர வழி தெரியாதுன்னு அப்பா சொல்லுவாரு. நீங்க கூப்பிட்டிருப்பீங்க. ஆனா ரெண்டு குரலாக் கூப்பிட்டா இன்னும் தூரம் கேக்கும்னு…"

அலை ஒன்று பாறையில் உடைந்தது. தொமேயின் தோள்கள் சரிந்தன. இரண்டு குளிர்காலமாக அவன் இந்தக் கரையை மிதிக்கவேயில்லை என்பது எர்மெலிண்டாவுக்குத் தெரியும். கூப்பிட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது. இரவில் விழித்துக்கொண்டு அவன் அதைச் சொன்னதுண்டு; பகலில் சொன்னதில்லை.

அவன் ஸுல்மீராவின் கையிலிருந்து விளக்கை வாங்கினான். ஆலய வாசலைக் கடந்து, ஈரமணலில் அலை வந்து தொடும் எல்லைவரை நடந்து, விளக்கைக் கடலுக்கு எதிரே வைத்து மண்டியிட்டான். சற்றுத் தயங்கி, பதீஸ்தும் ஒரு கை தூரத்தில் மண்டியிட்டான். எர்மெலிண்டா சால்வையால் தலையை மூடினாள். அபீலியு தொப்பியைக் கழற்றினான். 

"செராஃபிம்!" என்று அழைத்தான் தொமே. அலையோசை அதை விழுங்கிவிட்டது. மறுபடி அழைத்தான். இம்முறை அவன் குரலோடு, அந்நிய உச்சரிப்புத் தோய்ந்த இன்னொரு குரலும் சேர்ந்து பனிக்குள் சென்றது.

"ஜஸிந்து!"

விளக்கின் சுடர் ஒருமுறை படிந்து மீண்டும் நிமிர்ந்தது.  கடல் தன் போக்கில் வந்தது, போயிற்று.

பிறகு பதீஸ்த் முழங்காலிலேயே திரும்பினான். பிரான்ஸில் யாரும் கேட்காத ஒன்றை, அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, வார்த்தை வார்த்தையாகக் கேட்டான்.

"அண்ணா… ஆசி குடுங்க."

தொமே அவனைப் பார்த்தான். வீட்டின் கடைக்குட்டியாகவே இருந்த அவனிடம் இதுவரை எவரும் ஆசி கேட்டதில்லை. அந்தச் சொற்களை அவன் வாங்கியிருக்கிறானே தவிரக் கொடுத்ததில்லை. மணல் ஒட்டிய வலக்கையை மேலங்கியில் துடைத்து, தம்பியின் நனைந்த தலைமேல் வைத்தான்.

"தேவன் உன்ன நல்லா வெச்சிருக்கட்டும், தம்பி. எந்தக் கடல் மேல போனாலும் கரைக்குக் கொண்டாந்து சேக்கட்டும்."